செடிக்கு வெயில், தொட்டிக்கு நிழல்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் செடியைத்தான் பார்க்கிறோம். இலை சுருண்டால் கவலை, பூ உதிர்ந்தால் கவலை, மாவுப்பூச்சி வந்துவிட்டால் தூக்கமே போய்விடும். அந்தச் செடியைத் தாங்கி நிற்கும் தொட்டியை மட்டும், அது உடைந்து மண் கொட்டும் நாள்வரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காய்ப்பில் நிற்கும் கத்தரிச்செடியின் தொட்டி இரண்டாகப் பிளந்தால் போவது தொட்டி மட்டும் இல்லை. வேர் அறுபட்டு, செடியும் அந்தப் பருவத்து விளைச்சலும் சேர்ந்தே போய்விடும்.

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பல வருடங்களாகக் காய்கறியும் கீரையும் வளர்த்துவருகிறேன். பெயிண்ட் வாளி, பாதியாக வெட்டிய நீல டிரம், நர்சரித் தொட்டி, குரோ பேக் என்று எல்லா வகையும் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். மண்தொட்டிக்கு ஈடு எதுவும் இல்லை என்றாலும், மாடியின் பாரத்தை நினைத்தும் படியேற்றித் தூக்குவதை நினைத்தும் பிளாஸ்டிக்கைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறோம். இந்த ஊர் வெயிலில் எது எத்தனை நாள் தாங்குகிறது, எங்கே முதலில் விரிகிறது, எதைச் செய்தால் ஆயுள் நீள்கிறது என்பதை விடாமல் கவனித்துவந்திருக்கிறேன்.

நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் வேண்டியது இலைக்கு. தொட்டியின் சுவருக்கும் அதற்குள் இருக்கும் வேருக்கும் அது வேண்டவே வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், பெரிய செலவில்லாமல் ஒரு தொட்டியைப் பல பருவங்களுக்குக் காப்பாற்றலாம்.

வெயில் பிளாஸ்டிக்கை என்ன செய்கிறது?

பிளாஸ்டிக் என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். அந்த நீளம்தான் அதற்கு வலுவும் வளையும் தன்மையும் தருகிறது. சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் அந்தச் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கின்றன. அறுபட்ட முனையில் காற்றிலுள்ள ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் அடுத்த கண்ணியும் பலவீனமாகிறது. ஒரு முறை தொடங்கிவிட்டால் இது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகும் வேலை. வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும்.

இது மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. முதலில் பளபளப்பு போகும், பிறகு நிறம் வெளிறும், பிறகு வெள்ளைப் பொடி உதிரும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் மேலே உண்டாகும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும். ஆனால் மேலே விழுந்த விரிசல், லேசாகத் தட்டினாலும் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் முந்தின நாள்வரை நன்றாக இருந்ததுபோல் தெரிந்த தொட்டி, நகர்த்தும்போது படாரென்று உடைகிறது. சுவர் தடிமனான தொட்டி கூடுதலாகத் தாங்குவதற்கும் இதுதான் காரணம்.

இங்கே முக்கியமான விஷயம், சூடும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல. கத்திரி வெயிலில்தான் பிளாஸ்டிக் கெடும் என்று நினைக்கிறோம். தை, மாசி மாதங்களில் காற்று இதமாக இருக்கும், வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். அந்த நாட்களிலும் நண்பகலில் புற ஊதாக் கதிர் நம் ஊரில் கடுமையாகவே இறங்குகிறது. கோடையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரிசையில் அதற்கு மேல் வேறு படி கிடையாது. மெல்லிய மேகம் இருந்தாலும் கணிசமான கதிர் ஊடுருவி வரும். ஆகவே தொட்டியைக் காக்கும் வேலையை சித்திரைக்குத் தள்ளிப்போடாமல் தையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஒரு ஸ்டிக்கர் காட்டிய உண்மை

என் மாடியில் நெடுநாள் நின்ற ஒரு பெயிண்ட் வாளியில் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது. ஓரம் காய்ந்து சுருண்டிருந்ததால் நகத்தால் நெம்பி முழுதாக உரித்தெடுத்தேன். ஸ்டிக்கருக்கு வெளியே இருந்த பரப்பு சாம்பல் பூத்து, விரலை வைத்தால் மாவு ஒட்டும் நிலையில் இருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த சதுரம் கடையிலிருந்து நேற்று வாங்கியதுபோல் வழவழவென்று, பழைய பளபளப்போடு இருந்தது. வாளியும் ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். நடுவில் இருந்த வித்தியாசம் காகிதக் கனத்தில் ஒரு மறைப்பு.

தொட்டியைப் பாதுகாக்க விலை உயர்ந்த சரக்கு எதுவும் தேவையில்லை, ஒளி படாமல் மறைத்தாலே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. வீட்டில் பழைய வாளி இருந்தால் நீங்களும் உரித்துப் பாருங்கள்.

தொட்டியின் நாடி பிடித்துப் பார்ப்பது

மாதம் ஒரு முறை செடிகளைச் சுற்றிவரும்போது தொட்டிகளையும் தொட்டுப் பார்ப்பேன். மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, கறுப்புத் துணியால் தொட்டியின் மேற்குப் பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் மேற்பரப்பு கெடத் தொடங்கிவிட்டது. வெளிர்நிறத் தொட்டியாக இருந்தால் தூசியும் தூளும் குழம்பும். எனவே முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்துத் துடையுங்கள்.

இரண்டாவது, விளிம்பை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். நல்ல பிளாஸ்டிக் வளைந்து திரும்பும். இற்றுப்போனது வளையாமல் முரண்டு பிடிக்கும். அழுத்திய இடத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தாலும் எச்சரிக்கைதான்.

மூன்றாவது, தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். துளையிலிருந்து மெல்லிய கோடுகள் கிளம்பியிருந்தால், அடுத்த முறை மண்ணோடு தூக்கும்போது அடி விட்டுவிடும். அப்படிப்பட்ட தொட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, பருவம் முடிந்ததும் மண்ணைக் காலி செய்வது நல்லது.

அடியில் இருக்கும் முக்கோணத்தைப் படியுங்கள்

பிளாஸ்டிக் எல்லாமே ஒரே ஜாதி இல்லை. தொட்டியைக் கவிழ்த்தால் அடியில் அம்புக்குறி முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் எச்.டி.பி.இ., 4 என்றால் எல்.டி.பி.இ., 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன்.

இதில் வெயிலுக்குச் சீக்கிரம் தோற்பது பாலிப்ரொப்பிலீன். அதன் மூலக்கூறு அமைப்பிலேயே ஆக்சிஜன் எளிதில் தாக்கக்கூடிய இடங்கள் அதிகம். பெயிண்ட் வாளிகள், விலை குறைந்த பூந்தொட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். நீல டிரம் எச்.டி.பி.இ. சுவரும் தடிமன் என்பதால் நீண்ட நாள் உழைக்கும். டிரம் வாங்கும்போது முன்பு என்ன சரக்கு இருந்தது என்று கேட்டு, உணவுப்பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். தெர்மோகோல் பெட்டி பாலிஸ்டைரீன். வெயில் பட்ட முகம் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரும். அதன் குருணைகள் மண்ணில் கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்கவே முடியாது. திறந்த மாடிக்கு அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சிமெண்ட் சாக்கு, அரிசிச் சாக்கு போன்ற பிளாஸ்டிக் பின்னல் பைகளும் அப்படித்தான். அவை வெயிலில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு கோடை முடிவதற்குள் நார்நாராகப் பிரிந்துவிடும்.

இன்னொன்று, நிறம். பிளாஸ்டிக்கில் கலக்கும் கார்பன் கறுப்பு புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே விடாமல் தடுக்கும். எச்.டி.பி.இ. தண்ணீர்க் குழாய்க்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4984, கறுப்புக் குழாயில் எடைக்கு 2.5 சதவீத அளவில் கார்பன் கறுப்பு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சொட்டுநீர்க் குழாய்கள் கறுப்பாக இருப்பதும், மாடித் தண்ணீர்த் தொட்டிகள் பல கறுப்பாக இருப்பதும் இதனால்தான். ஆக, நாள்பட உழைப்பதற்குக் கறுப்புத் தொட்டி நல்லது. ஆனால் கறுப்பு சூட்டையும் இழுக்கும். மண் 40 டிகிரியைத் தொட்டால் காய்கறிச் செடிகளின் வேர் தளர்ந்துவிடும். அதனால் கறுப்புத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் மறைப்பு தேவை. அங்கே அது தொட்டிக்காக இல்லை, வேருக்காக.

எல்.டி.பி.இ. குரோ பேக்குகளில் வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் கறுப்பு என்று இரட்டை அடுக்காக வருபவை இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை. வெளி வெள்ளை சூட்டைத் திருப்பும், உள் கறுப்பு ஒளியைத் தடுக்கும். எச்.டி.பி.இ. பின்னல் பைகளை ஜி.எஸ்.எம். கணக்கில் விற்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே அந்தக் கணக்கு. எண் கூடினால் துணி கனம். ஆனால் கனத்தைவிட முக்கியம், அது ‘யுவி ஸ்டெபிலைஸ்டு’ செய்ததா என்பது. வெயில் தாங்குவதற்கான மருந்தைக் கலந்து செய்த பை என்று அதற்குப் பொருள். அந்த மருந்து இல்லாத கனமான பையைவிட, மருந்து கலந்த நடுத்தரப் பை கூடுதல் காலம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

விலை மிகக் குறைவாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் ஒரு முறை நான் எடுத்த தொட்டியைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். “யக்கா, இது பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செஞ்சது. வீட்டுக்குள்ள மணி பிளாண்ட் வைக்கிறதுக்குன்னா எடுத்துக்கோங்க. மாடிக்குன்னா வேணாம்.” ஏற்கெனவே ஒரு முறை உருகி, வெயில் தாங்கும் மருந்தை இழந்த பிளாஸ்டிக்கில் மறுபடி அதைக் கலக்காமல் செய்தால் இப்படித்தான். அவர் சொன்னது வாங்கும் எல்லாருக்கும் பொருந்தும். எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற தொட்டியை எடுக்க வேண்டும்.

தெற்கும் மேற்கும்

மறைப்பை எந்தப் பக்கம் கட்டுவது என்று தெரிந்துகொள்ள, சூரியன் நம் தலைக்கு மேல் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். மதுரையில் சித்திரை பிறந்த ஓரிரு நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு சற்று வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. சென்னையில் இந்த நாட்கள் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் வரும். உச்சியில் நிற்கும் சூரியன் தொட்டியின் வாயில்தான் கொட்டும், பக்கச் சுவரில் சாய்வாகத் தடவிப்போகும். அந்த மாதங்களில் சுவரைப் பதம் பார்ப்பது பிற்பகல் வெயில். காற்றும் தரையும் சூடேறியபின் வருவதால் மேற்குப் பக்கம் கூடுதலாக அடிவாங்கும்.

புரட்டாசி முதல் பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. மார்கழியில் நண்பகலிலும் 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது தொட்டியின் தெற்குச் சுவருக்கு நாள் முழுதும் வெயில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த தை, மாசி, பங்குனியில் அந்தத் தெற்கு முகம் படும் பாட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஆக, நம் ஊரில் மறைப்பு கட்ட ஒரு பக்கம்தான் முடியும் என்றால் தெற்கு. இரண்டு முடியும் என்றால் தெற்கும் மேற்கும்.

கைப்பிடிச் சுவரின் நிழலையும் பயன்படுத்தலாம். தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வட பக்கமாகத் தொட்டிகளை வைத்தால், குளிர்காலத்தில் தொட்டி சுவர் நிழலில் இருக்கும், செடியின் தலை வெயிலில் நிற்கும். செடி சுவரைத் தாண்டி வளரும்வரை கீரை நாற்றுகளை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள்.

தொட்டிக்குப் பாவாடை

நான் செய்யும் ஏற்பாடுகளில் அதிகப் பலன் தருவது இதுதான். நிழல்வலையை எல்லாரும் செடிக்கு மேலே கூரையாகக் கட்டுகிறார்கள். நான் அதைத் தொட்டிகளுக்குப் பக்கவாட்டில் பாவாடையாகக் கட்டுகிறேன். மேலே கட்டினால் தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒளி குறைந்து பூ குறையும். பக்கத்தில் கட்டினால் இலைக்கு ஒரு குறையும் இல்லை.

வலை 50 சதவீத நிழல் தருவதாக இருந்தால் இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். 75 சதவீத வலை என்றால் ஒற்றையாகப் போதும். தொட்டியின் உயரத்துக்கு இரண்டு விரல்கடை கூட வைத்து நீளமான பட்டையாக வெட்டுங்கள். வரிசையின் இரு முனையிலும் செங்கல் மேல் நிறுத்திய மூங்கில் குச்சியோ, ஸ்டாண்டின் காலோ இருந்தால் போதும். தொட்டியின் வாய் மட்டத்தில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் வலையைக் கோத்துத் தொங்கவிடுங்கள். அடியில் காற்றில் பறக்காதபடி ஓட்டாஞ்சில்லோ கல்லோ பாரம் வையுங்கள்.

வலை தொட்டியோடு ஒட்டக்கூடாது. நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் காற்று ஓடினால் சுவர் சூடேறாது. ஒட்டிக் கட்டினால் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும், இடுக்கில் பூச்சியும் சேரும். வலையின் மேல் விளிம்பு தொட்டியின் வாயைத் தாண்டி உயரக்கூடாது. தாண்டினால் இளஞ்செடிக்கு ஒளி குறையும்.

வலை வாங்க வேண்டாம் என்பவர்களுக்குச் சணல் சாக்கு இருக்கிறது. சாக்கைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் ஊற்றும்போது அதன்மீதும் கொஞ்சம் தெளித்துவிட்டால் ஒளியும் மறையும், ஈரம் காய்வதால் வேரும் குளிரும். சாக்கு இற்றுப்போனால் நறுக்கி மூடாக்காகப் போட்டுவிடலாம், மண்ணோடு மண்ணாகிவிடும். பின்னிய தென்னங்கீற்று கிடைக்கும் ஊர்களில் அதைவிட அருமையான தட்டி வேறில்லை. பழைய பருத்திச் சேலையும் உதவும். அடர் நிறமும் நெருக்கமான நெசவும் கொண்டதாக எடுங்கள். மெல்லிய வெளிர்துணி கதிரை ஊடுருவ விட்டுவிடும்.

செடியே செடித்தொட்டியைக் காக்கும் வழியும் உண்டு. தொட்டியின் ஓரத்தில் பொன்னாங்கண்ணியோ வல்லாரையோ சர்க்கரைவள்ளிக் கொடியோ நட்டுவிட்டால் வெளியே வழிந்து தொங்கிச் சுவரை மூடும். கீரையும் கிடைக்கும். வெயில் பிடிக்காத வல்லாரையை மட்டும் கிழக்குப் பக்கம் வையுங்கள்.

வெளிவரிசைக்கு உழைப்பாளிகள்

தொட்டிகளைத் தனித்தனியாகப் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றின் நான்கு பக்கமும் வெயிலுக்கு இரை. கூட்டமாக நெருக்கி வைத்தால் உள்ளே இருப்பவற்றின் சுவரில் வெயிலே படாது. ஓரத்தில் நிற்பவை மட்டும்தான் அடி வாங்கும். அந்த ஓர வரிசையில், குறிப்பாகத் தெற்கிலும் மேற்கிலும், மண்தொட்டிகளை அல்லது தடித்த டிரம்களை நிறுத்துங்கள். பெயிண்ட் வாளியும் குரோ பேக்கும் உள்ளே போகட்டும். நெருக்கும்போது செடிகளுக்கு இடையே காற்று போகும் வழி வேண்டும். ஈரம் தங்கினால் சாம்பல் நோய் வரும். இப்படிக் கூட்டும் இடம் மாடியின் நடுவில் வேண்டாம். உத்திரத்தின் மேலும் சுவரோரமும் வைத்தால் கட்டடத்துக்கும் நல்லது.

ஓரத்தில் நிற்கும் தொட்டியை அவ்வப்போது கால் வட்டம் திருப்பி வைத்தால் ஒரே முகம் எல்லா வெயிலையும் வாங்காது. செடியும் ஒரு பக்கமாகச் சாயாமல் வளரும். கொடி ஏறிய பந்தல் தொட்டிகளைத் திருப்ப முடியாது, அவற்றுக்குப் பாவாடைதான்.

விளிம்புதான் முதலில் போகும்

உடைந்த தொட்டிகளைக் கவனித்தால் பெரும்பாலானவை விளிம்பில்தான் தொடங்கியிருக்கும். மண் இருக்கும் உயரம்வரை சுவரின் உட்பக்கம் இருட்டாக, ஈரத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. மண்ணுக்கு மேலே வெறுமனே நிற்கும் பகுதிக்கு உள்ளேயும் வெயில், வெளியேயும் வெயில். தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச மண் படிந்து இறங்கிவிடும். பாதித் தொட்டி காலியாக நிற்கும். அதனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மக்கிய உரமும் தென்னை நார்க்கழிவும் சேர்த்து மண்ணை மேலேற்றுங்கள். தண்ணீர் நிற்க இரண்டு விரல்கடை இடம் விட்டால் போதும். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்குப் போட்டால் விளிம்பின் உட்புறமும் மறையும்.

குரோ பேக்கில் மேல் ஓரத்தை ஒரு சாண் உள்ளே மடித்துவிட்டு மண் நிரப்புங்கள். ஓரம் இரட்டைக் கனமாகும். வெளி அடுக்கு இற்றாலும் உள் அடுக்கு தாங்கும். பையின் கைப்பிடி காதுகளையும் வெயிலில் விறைத்து நிற்கவிடாமல் மடித்துச் செருகிவிடுங்கள்.

ஈரமான மண் தொட்டியையும் காக்கும். வறண்ட தொட்டியின் சுவர் மிக வேகமாகச் சூடேறும். கோடையில் காலையிலேயே தண்ணீர் விட்டுவிட்டால் அந்த ஈரம் பிற்பகல் சூட்டைத் தணிக்கும்.

பெயிண்ட் அடிப்பது எப்படி?

வாளிக்கும் டிரம்முக்கும் வெள்ளைப் பெயிண்ட் நல்ல கவசம். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை உள்ளே விடாது, வெள்ளை நிறம் சூட்டைத் திருப்பும். ஆனால் எச்.டி.பி.இ., பாலிப்ரொப்பிலீன் இரண்டும் வழுக்கும் பரப்பு. நேரடியாக அடித்தால் பெயிண்ட் தோல்தோலாக உரிந்துவிடும்.

சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். 120-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமரை ஒரு கை அடியுங்கள். அது காய்ந்தபின் வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை அக்ரிலிக் எமல்ஷனை இரண்டு கை. வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் போதும். மண் படும் உட்பக்கம் வேண்டாம். ஏற்கெனவே பொடி உதிரும் தொட்டி என்றால் பொடி முழுதும் போகத் தேய்த்தபின் அடிக்க வேண்டும். விரிசல் விட்டதற்கு அடிப்பது வீண் செலவு.

சுண்ணாம்பு அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது, முதல் மழையில் கரைந்து மண்ணில் இறங்கிக் காரத்தன்மையைக் கூட்டும். தேங்காய் எண்ணெயோ பாலிஷோ தடவினால் பளபளப்பு வரும், பாதுகாப்பு வராது.

துளை, ஸ்டாண்ட், தூக்கும் விதம்

வெயிலில் பலவீனமான பிளாஸ்டிக் ஒரு கூர்முனையிலிருந்துதான் கிழியும். கத்தியால் குத்திய துளையும் முக்கோணமாக வெட்டிய துளையும் அந்தக் கூர்முனையைத் தாமே உண்டாக்கிக் கொடுக்கின்றன. டிரில் வைத்து வட்டமாகத் துளையிடுங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்டால் நச்சுப்புகையும் வரும், சுற்றிலும் கருகிய பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும். டிரம்மை வெட்டியபின் வாய் விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள்.

இரும்பு ஸ்டாண்டில் குரோ பேக் வைப்பவர்கள் பையின் அடியைப் பாருங்கள். கம்பி படும் கோட்டில்தான் பை முதலில் விடும். வெயிலில் இரும்பு கடுமையாகச் சூடேறி, தொடும் இடத்தில் பிளாஸ்டிக்கை வேகமாகக் கெடுக்கிறது. கம்பிக்கு வெள்ளை அடித்து, மேலே மூங்கில் பிளாச்சோ மடித்த சாக்கோ போட்டுப் பையை வையுங்கள். ஸ்டாண்டே இல்லாமல் தளத்தில் வைப்பவர்கள் அடியில் இரண்டு ஓடோ செங்கலோ கொடுங்கள். தளத்தின் சூடும் ஏறாது, தண்ணீரும் தேங்காது.

மண்ணோடு இருக்கும் தொட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். இருவர் சேர்ந்து அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அதிலும் உச்சி வெயிலில் நகர்த்த வேண்டாம், காலையிலோ மாலையிலோ செய்யுங்கள்.

கந்தகம் தெளிக்கும்போது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பிளாஸ்டிக்கில் வெயில் தாங்குவதற்காகக் கலக்கும் முக்கியமான மருந்துகள் சிலவற்றைக் கந்தகமும் குளோரினும் செயலிழக்கச் செய்கின்றன. பசுமைக்குடில் வைத்திருக்கும் விவசாயிகளுக்குத் தெரியும், கந்தகத்தை அடிக்கடி பயன்படுத்தினால் கூரைத்தாளின் ஆயுள் குறையும். நம் தொட்டிக்கும் நிழல்வலைக்கும் அதே கதிதான். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் தெளித்தால் இலையில் படும்படி தெளியுங்கள். தொட்டியிலும் பையிலும் வலையிலும் பட்டதை மறுநாள் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். பாசி போக்கத் தளத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் பைகளில் படாமல் பார்த்து, நன்றாக அலசிவிடுங்கள்.

காலித் தொட்டிக்குத்தான் காவல் வேண்டும்

தொட்டிக்கு அதிகக் கேடு வருவது செடி இல்லாத நாட்களில். மண்ணும் இல்லை, ஈரமும் இல்லை, இலை நிழலும் இல்லை. நான்கு பக்கமும் உள்ளும் புறமும் வெயில். மே மாதம் விதைப்பு வேண்டாமென்று காலி செய்து மாடி மூலையில் கவிழ்த்துவிட்டு, ஆடிப்பட்டத்துக்குத் தேடிப்போகும்போது கையோடு விளிம்பு பெயர்ந்து வரும். காலி செய்தவுடனே கழுவி, காயவைத்து, மாடிப்படிக்கு அடியிலோ உள்ளறையிலோ அடுக்கிவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது நடுவில் பழைய செய்தித்தாள் வைத்தால் இறுகிக்கொள்ளாது. இடம் இல்லையென்றால் மண்ணோடே விட்டு, மேலே மூடாக்குப் போட்டு, தட்டைப்பயறோ சணப்போ விதைத்துவிடுங்கள். மண்ணுக்கு உரம், தொட்டிக்கு நிழல்.

பூவாளி, கைத்தெளிப்பான், தண்ணீர் டியூப் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வேலை முடிந்ததும் நிழலில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டால் போதும்.

விரிந்துவிட்டால்

சிறு விரிசல் என்றால், அது முடியும் நுனியில் ஒரு சின்ன வட்டத் துளை போடுங்கள். மேலே ஓடாமல் நிற்கும். பிறகு விரிசலின் இருபுறமும் துளையிட்டுக் கட்டுக்கம்பியால் தைத்து, அந்தப் பக்கத்தை நிழலுக்குத் திருப்பி வையுங்கள். பருவம் முடியும்வரை ஓடும். நன்றாக இருக்கும் வேறொரு வாளிக்குள் அப்படியே இறக்கிவைப்பதும் நல்ல வழி.

கையில் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டால் தாமதம் கூடாது. அதன் துகள்கள் நாம் கீரை விளைவிக்கும் மண்ணிலேயே உதிர்கின்றன. அவை மக்குவதில்லை, இன்னும் சிறிதாக மட்டும் ஆகும். மண்ணைச் சலித்துத் துண்டுகளைப் பொறுக்கி, பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். எரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சில்தான் போய்ச் சேரும்.

வருடத்துக்கு ஒரு ஒழுங்கு

தையில் தெற்குப் பக்கத்துக்கு வலை கட்டுவது. பங்குனிக்குள் மேற்கையும் மறைத்து, மண்ணை மேலேற்றி மூடாக்குப் போடுவது. கத்திரி வெயிலில் காலை நீர் தவறாமல் பார்ப்பது, காலித் தொட்டியை உள்ளே எடுப்பது. ஆடியில் விதைக்கும்முன் விளிம்பும் அடியும் சோதித்து, இற்றதை ஒதுக்குவது. ஐப்பசி மழையில் வலையை அவிழ்த்து, அலசி, மடித்து வைப்பது. இவ்வளவுதான் வேலை. எல்லாம் சேர்த்தாலும் வருடத்தில் சில காலைப்பொழுதுகள்தான் ஆகும்.

பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்லும் காலத்தில் பிளாஸ்டிக் தொட்டியைக் காக்க இத்தனை பாடா என்று கேட்கலாம். ஏற்கெனவே நம் மாடிக்கு வந்துவிட்ட பொருளை வருடாவருடம் உடைத்துப் புதிதாக வாங்குவதுதான் பிளாஸ்டிக்கைப் பெருக்குகிறது. வந்ததைக் கடைசிவரை உழைக்கவைப்பது அதைக் குறைக்கிறது. இன்று மாலை மாடிக்குப் போனால் முதலில் தொட்டியின் தெற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மாவு ஒட்டினால் நாளைக்கே ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள்.